ரோஜாவின் கொம்பு

“குரைக்காது. கடிக்காது. வைத்த மூலையிலேயே இருக்கும்.” என் மகள் நாய்க்குட்டி கேட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்த வாரத்தில், முயலுக்கு ஆதரவாக என் மச்சான் எடுத்துவைத்த மூன்று வாதங்கள் இவை. முதலாவது உண்மை.

எங்கள் குடியிருப்பில் நாய்க்குத் தடை. விதிப்புத்தகத்தில் முயலைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த ஒரே தகுதியின் பேரில் முயல் தேர்வாயிற்று. நாட்டில் பல பதவிகளும் இப்படித்தானே நிரம்புகின்றன!

கடைக்காரர் இரண்டு வெள்ளைக் குட்டிகளைக் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். முயலை அப்படித் தூக்கவே கூடாது. மார்புக்கு ஒரு கை, பின்புறத்துக்கு ஒரு கை கொடுக்க வேண்டும். பயந்து உதறினால், தன் உதையிலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளும். மகள் எல்லாம் படித்துவிட்டு வந்திருந்தாள். மூக்கு ஒழுகுகிறதா, காதுக்குள் சொறிப் பொருக்கு உண்டா, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துகின்றனவா, வால்பக்கம் சுத்தமா, எட்டு வாரம் ஆகிவிட்டதா என்று குடைந்து எடுத்தாள்.

“என்ன ஜாதி?”

“நியூசிலாந்து ஒயிட், பாப்பா.”

அது அமெரிக்காவில் உருவாக்கிய இனம். பிறந்த ஊரிலேயே இப்படி ஒரு குளறுபடி.

“ஆணா, பெண்ணா?”

“ரெண்டுமே பொண்ணு. எத்தனை வருஷமா இதே தொழில்! தூக்கிப் பார்க்கவே வேணாம்.”

மல்லிகா, ரோஜா என்று பெயர் வைத்தோம்.

மறுநாளே மச்சான் ஒரு பை நிறையக் கேரட்டோடு வந்தார். முயலையும் கேரட்டையும் முடிச்சுப் போட்டது கார்ட்டூன்காரர்கள். கேரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். முயலுக்கு முக்கால் வயிறு புல்தான் வேண்டும். இணையத்தில் திமோத்தி என்றொரு உலர்புல் விற்கிறார்கள். விலையைப் பார்த்தால் ஒரு வாய் நாமே சாப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். எனவே பிள்ளையார் கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் அருகம்புல் வாங்கத் தொடங்கினேன். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “வீட்ல தெனம் கணபதி ஹோமமாண்ணே?” என்றார். முயலுக்கு என்று சொல்ல நா எழவில்லை. சங்கடஹர சதுர்த்தியன்று மட்டும் புல் முழுவதும் பிள்ளையாருக்குப் போய்விடும். அன்றைக்கு எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை.

கேரட் பையை என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் பொரியல்.

முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை மென்றுதான் அவை தேய வேண்டும். புல் போதாதபோது நாற்காலிக் கால், செய்தித்தாள், வயர். வயரில் ருசி பேதம் உண்டு: பழைய டிவியின் வயரை ரோஜா முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. மச்சானின் புது லேப்டாப் சார்ஜரை மட்டும் ஒரே கடியில் முடித்தது. “கடிக்காது” என்றவர் அவர்தான் என்பதால் யாரும் எதுவும் பேசவில்லை.

அம்மாவின் மனத்தாங்கல் வேறு. விடியற்காலையில் மல்லிகா குனிந்து தன் பின்பக்கத்திலிருந்தே எதையோ எடுத்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டார். “கோயில் அருகம்புல்லைக் கொடுத்து வளர்த்தா இந்தப் பழக்கமா?” முதல் சுற்றில் செரிக்காத புல், குடலில் ஒரு பையில் நொதித்து மெத்தென்ற உருண்டைகளாக வரும், அதைத் திரும்ப உண்டால்தான் புரதமும் பி வைட்டமினும் உடம்பில் சேரும். இதைச் சொன்ன கால்நடை மருத்துவரைப் பற்றியும் அம்மாவுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

சித்திரை பிறந்ததும் அசல் சோதனை. முயலுக்கு வியர்க்காது. இருக்கிற சூட்டைப் பெரும்பாலும் அந்த இரண்டு காதுகள் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். சென்னைக் கத்திரியில் உயிரே போய்விடலாம். மத்திய அரசின் முயல் ஆராய்ச்சி கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் நடப்பது சும்மா இல்லை. மன்னவனூருக்குக் குடிபோக முடியாததால் ஏசி அறையை முயல்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் பாய் விரித்தோம். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையின் தோரணை: வேளைக்குத் தட்டு வர வேண்டும், குறை என்றால் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், யாரும் சமாதானத்துக்கு வராவிட்டால் காலால் தரையில் ஓங்கி அடிக்க வேண்டும். முயலுக்கு ஆபத்து என்று பட்டாலும் கோபம் வந்தாலும் பின்னங்கால்தான் பேசும், அதுவும் நடுநிசியில். கீழ்வீட்டுக்காரர்தான் அசோசியேஷன் செயலாளர். “ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன சார் இடிக்கிறீங்க?”

ஒருநாள் மல்லிகா தன் மார்பு முடியைப் பிய்த்துப் பிய்த்துச் செருப்பு அலமாரிக்குள் சேர்த்தது. அம்மா திருஷ்டி சுற்றினார். மறுநாள் காலை அந்த முடிக்குள் ஆறு குட்டிகள், கண் திறக்காமல், ரோமம் இல்லாமல். முயலின் கருக்காலம் ஏறக்குறைய 31 நாள். கணக்குப் போட்டுவிட்டு எல்லோரும் ரோஜாவைத் திரும்பிப் பார்த்தோம். அது சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டிருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “வாங்கும்போது பொண்ணுதான் சார்” என்றார்.

முயற்கொம்பு என்று இல்லாத ஒன்றைச் சொல்லுவார்கள். எங்கள் முயலுக்கு ஒன்று இருந்தது. ரோஜாவின் கொம்பை எடுத்துவிட்டு ராஜா ஆக்கினாள் மகள்.

மருத்துவர் முதல் வேலையாக ராஜாவைத் தனியே அடைக்கச் சொன்னார். ஈன்ற அன்றே பெண் முயல் மறுபடி கருத்தரிக்கும். பிறகு ராஜாவுக்கு அறுவை சிகிச்சை. மல்லிகா குட்டிகளிடம் நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, சில நிமிடம்தான் போகும். பால் கொடுக்கவில்லையே என்று பதறி நாம் பசும்பால் புகட்டக் கூடாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு, பத்து வருடம் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். மகள் இப்போது ஆறாம் வகுப்பு. கல்லூரிக்குப் போகும்போதும் ஏசி அறை நமக்குக் கிடையாது.

நான்கு குட்டிகளுக்கு வீடு பார்த்தாகிவிட்டது. இரண்டு மீதம். ஏசியும் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயிலும் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். இரண்டுமே பெண் என்றுதான் மச்சான் சொல்கிறார்.