ஏலத்தில் எடுத்த சவாரி

நந்தனத்தில் டவர் பிளாக், லோட்டஸ் காலனி, சி.ஐ.டி. நகர் பக்கம் ஏதாவது அடுக்ககத்துக்குள் போய்ப் பாருங்கள். வண்டிகள் நிற்கும் இடத்தில் சாம்பல் நிறக் கவர் போர்த்திய கார் ஒன்று இருக்கும். கவர்மேல் வேப்பஞ்சருகு, சருகின்மேல் பூனை. அந்தக் காரின் சொந்தக்காரர்தான் நம்மவர். வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ ஓய்வு பெற்றவர், ஒரே பிள்ளை நியூ ஜெர்சியில். "எடுத்தா பெட்ரோல், நிறுத்தினா பார்க்கிங் காசு, தேய்ஞ்சா டயர்" என்பது சொந்த வாகனம் பற்றிய அவருடைய முடிந்த முடிவு. வெளியே போக வேண்டுமென்றால் வண்டியை ஏலத்தில்தான் எடுப்பார்.

இந்த வித்தையை அவர் கற்றது அமெரிக்காவில். ஆறு மாதம் பிள்ளை வீட்டில் தங்கப் போன இடத்தில், மருமகள் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போனபின் கையில் ஒரு மடிக்கணினி மிஞ்சியது. அங்கே பிரைஸ்லைன் என்ற நிறுவனம் 1998இல் ஒரு கூத்தைத் தொடங்கியிருந்தது. விமான டிக்கெட்டோ ஓட்டல் அறையோ வாடகைக் காரோ, வேண்டியவர் தானே விலை சொல்லலாம். ஒத்துக்கொள்ளும் கம்பெனியின் பெயர் பணம் கட்டிய பிறகுதான் தெரியும். கட்டிய பணம் திரும்பி வராது. ஸ்டார் டிரெக் நடிகர் வில்லியம் ஷாட்னர் விளம்பரத்தில் வந்து ஆடிப்பாடி இதை விற்றார். நம்மவருக்கோ விளம்பரமே வேண்டியிருக்கவில்லை. பாண்டி பஜாரில் ஒவ்வொரு முழம் துணிக்கும் விலை குறைத்துக் கேட்டே வளர்ந்த மனிதரிடம், "நீங்களே விலை சொல்லுங்கள்" என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி கேட்டால் என்ன ஆகும்? நாளொன்றுக்கு 14 டாலர் வாடகைக் காரில் நயாகரா போய் வந்ததாக இன்றும் சொல்கிறார். கேட்கும் ஆளைப் பொறுத்து அது 12 டாலரும் ஆகும்.

அதன் சூட்சுமத்தை வெங்கட்நாராயணா சாலைத் திருப்பதி தேவஸ்தானக் கோயில் வரிசையில், முன்னால் நிற்பவருக்கு அவர் விளக்கக் கேட்டிருக்கிறேன். "இன்னிக்கு ஓடாத வண்டியோட இன்னிக்கு வாடகை போனது போனதுதான். அதனால கிடைச்ச விலைக்குத் தள்ளிவிடுவான். ஆனா பேரைச் சொல்லித் தள்ளினா, முழு விலை குடுக்கறவன் வந்து சட்டையைப் பிடிப்பான். அதான் பேரை மறைக்கறான்." கணக்கு முற்றிலும் சரி. முன்னால் நின்றவர் கேட்டது லட்டு எப்போது வரும் என்பதை.

பிரைஸ்லைன் பிற்பாடு அந்த முறையைக் கைவிட்டது. ஊர் திரும்பிய நம்மவர் சில காலம் வாடித்தான் போனார். பிறகு இன்டிரைவ் செயலி வந்தது. சவாரிக்குக் கூலி இவர் கேட்கலாம், ஓட்டுநர் எதிர்விலை சொல்லலாம். ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரில் ஒரு குளிர்காலத்தில் மைனஸ் 45 டிகிரிக்குப் போனபோது டாக்சிக்காரர்கள் கட்டணத்தை இரட்டிப்பாக்க, ஊர்க்காரர்கள் இணையத்தில் குழு ஒன்று அமைத்துத் தங்களுக்குள் விலை பேசிக்கொண்டதிலிருந்து பிறந்த செயலி அது. இந்தக் கதையை நம்மவர் கத்திரி வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டுநருக்குச் சொல்வார். ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், நீங்க கேட்ட ரேட்டுக்கு ஏசி போட்டா கட்டாது" என்பார்.

அவர் கைப்பேசியில் ஓலா, ஊபர், ராப்பிடோ, நம்ம யாத்ரி, இன்டிரைவ் ஐந்தும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். தேவர் சிலைக்கு அருகே நிழல் பார்த்து நின்று, ஐந்தையும் சுற்றி வருவார். ஒரு சுற்று முடிவதற்குள் முதல் செயலியில் விலை ஏறியிருக்கும். உடனே வீட்டுக்குப் போன். "நீ உன் போன்ல பாரு. என்னுது ஐபோன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு." அதற்கு அவரிடம் ஆதாரமும் உண்டு. ஐபோனுக்கு ஒரு விலை, ஆண்டிராய்டுக்கு ஒரு விலையா என்று கேட்டு 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பிய செய்தியைக் கத்தரித்து பர்சில் வைத்திருக்கிறார். இரண்டு நிறுவனங்களும் மறுத்த செய்தியைக் கத்தரிக்கவில்லை.

அடையாறு காந்தி நகருக்கு 120 என்று போடுவார். 190 என்று ஒருவர் வருவார், 170 என்று இன்னொருவர். "இறங்கறான், இறங்கறான்" என்று நம்மவர் திரையைப் பார்த்து முணுமுணுப்பார். 130க்கு ஒருவர் சிக்கியதும் போன் வரும்.

"சார், எங்க ட்ராப்? கேஷா, ஜிபேயா?"

"எல்லாம் அதுலயே போட்டிருக்கே தம்பி."

"அந்த ரேட்டுக்கு எப்படி சார் வர்றது? மேல முப்பது போட்டுக் குடுங்க."

ஆட்டோ மீட்டருக்கு 2013இல் அரசு விலை வைத்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அப்போதும் "மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க"தான். யாகுட்ஸ்க்காரர்கள் பாவம், ஒரு நடை சைதாப்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டுக்கு வந்திருந்தால் செயலி எழுதும் சிரமமே இருந்திருக்காது.

ஜனவரி மாதம் அவருக்குப் பஞ்ச காலம். ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கும் மாலைகளில், இரண்டு கை நிறையப் பைகளோடு வெளியே வரும் வாசகர்கள் கேட்ட விலைக்கு ஏறிப் போய்விடுவார்கள். நம்மவரின் 120ஐ ஒருவரும் சீந்துவதில்லை. "படிச்சவங்களே இப்படிப் பண்ணா!" என்று வருத்தப்படுவார்.

வெளியூர் என்றால் ஆட்டமே வேறு. மூன்று டிராவல்ஸை வரிசையாக அழைத்து, ஒருவர் சொன்ன விலையை மற்றவரிடம் சொல்வார். ஷெட் டு ஷெட் கிலோமீட்டரா, டிரைவர் பேட்டா தனியா, திருப்பதிக்குப் பெர்மிட் யார் தலையில் என்று துருவித் துருவிக் கேட்டபின், ஒன்வே ட்ராப் விலைக்கே போய்வர முடியுமா என்பார். மூவரும் அவருடைய எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள், எடுக்காமல் இருப்பதற்காக. ஒருமுறை செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குத் தானே ஓட்டிப் போகும் வாடகைக் கார் எடுத்தார். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்தோடு வண்டி வந்ததும் நான்கு கதவு, பம்பர், ஸ்டெப்னி உட்பட ஒவ்வொரு கீறலையும் தேதி, நேரம் சொல்லி வீடியோ எடுத்தார். பெட்ரோல் முள்ளுக்குத் தனி வீடியோ. படம்பிடிப்பு முடிந்து போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டியாகிவிட்டது. "நேரா பந்தியில உட்கார்ந்தாச்சு. வெயிட்டிங்கே இல்ல" என்றார்.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. அமெரிக்காவில் அவர் குறைத்தது சும்மா நின்ற ஒரு கம்பெனி வண்டியின் வாடகையை. நந்தனத்தில் குறைப்பது மாதத் தவணையும் எரிவாயுச் செலவும் போக மிஞ்ச வேண்டிய ஒரு மனிதரின் ராத்திரிச் சாப்பாட்டை. அவருக்கோ பொழுது நிறைய இருக்கிறது, ஓட்டுநருக்கு இல்லை. இப்படிப்பட்ட ஏலத்தில் யார் இறங்கி வருவார் என்பதற்கு ஜோசியம் வேண்டாம். இதைச் சொன்னேன். "நான் கையைப் பிடிச்சு இழுத்தேனா? அவரேதானே அக்செப்ட் பண்றார்" என்றார். ஆனால், இறங்கும்போது ஓட்டுநர் "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நம்மவர் ஐம்பது ரூபாயை அவர் கையில் திணித்துவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். அந்த மாதக் கணக்கு நோட்டில் 'மிச்சம்' என்ற பத்தியில் ஏறும் தொகைக்கும் பர்சில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் மனைவி மட்டும் அறிவார்.

போன மாதம் பிள்ளை வந்தான். நந்தனம் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் மாறவே வேண்டாம், விமான நிலையத்திலேயே கொண்டுபோய் விடும். எவ்வளவு தூரம் போனாலும் மெட்ரோவில் 50 ரூபாய்க்கு மேல் கட்டணம் கிடையாது. இது தெரியாதவரல்ல நம்மவர். "அங்க ரேட்டை எழுதியே வெச்சிருக்கான். பேசறதுக்கு ஒரு ஆள் உண்டா?" என்று சொல்லிவிட்டு, நிலைய வாசலிலேயே நின்று செயலியைத் திறந்தார். மனைவி ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனார்.

வெகுநேரம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, புள்ள வெளிய வந்துட்டான். பெட்டி நாலு இருக்கு. நீங்க எங்க?"

"லைனை வைம்மா! நானூறுல நின்னவன் இப்பதான் முந்நூத்தி முப்பதுக்கு வந்திருக்கான்."