ஐயாவுக்கும் ஆட்டுக்கும் ஒரே எஸ்: சாதாரண நிகழ்காலம் பற்றிய ஒரு யாழ்ப்பாண ஆய்வு

ஆங்கிலச் சாதாரண நிகழ்காலத்துக்கும் இந்த நிமிடத்துக்கும் சம்பந்தமில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள். இந்த நிமிடத்தைக் கவனிக்க ஆங்கிலேயரிடம் 'இங்' போட்ட இன்னொரு நிகழ்காலம் இருக்கிறது. சாதாரணமானது பழக்கத்துக்கும் பொது உண்மைக்கும் நேரசூசிக்கும் உரியது.

பழக்கத்தில்தான் முதல் இடறல். 'பெரியப்பா காலமை அஞ்சு மணிக்கு எழும்புவார், பிளேன்ரீ குடிப்பார், கோயிலுக்குப் போவார்' என்று எதிர்காலத்தில் பேசிப் பழகிய பெடியன், வினைக்கு வினை 'வில்' போடுகிறான். ரியூசன் வாத்தியார் சிவப்பால் வெட்டுகிறார். பொது உண்மையில் அவ்வளவு தகராறு இல்லை. மலை நிற்பதையும் ஆறு ஓடுவதையும் நிகழ்காலத்தால் சொல்ல நன்னூலாரே இடம் தந்திருக்கிறார்.

அடுத்த இடறல், படர்க்கை ஒருமையில் வினையின் வாலில் ஒட்டும் எஸ். அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். அவர்கள் எஸ்ஸை விட்டிருக்கமாட்டார்கள். ஓ.எல். எழுதும் அவர்களது பேரப்பிள்ளைகள்தான் விடுகிறார்கள். இத்தனைக்கும் போறன், போறாய், போறியள், போறான், போறார், போறா, போகுது என்று வாய்க்குள் ஏழு விகுதியை வைத்திருக்கும் இனம் இது. ஒற்றை எஸ்ஸில் சறுக்குவதன் காரணம் மரியாதைக் குறைவே என்பது கட்டுரையாளரின் துணிபு. ஐயா வந்தாலும் ஆடு வந்தாலும் 'கம்ஸ்' என்றால் எந்த வளர்ப்புச் சரியான பிள்ளைக்கு மனம் வரும்? போதாததற்குக் கேள்வியில் 'டஸ்' வந்து அந்த எஸ்ஸையும் பறித்துக்கொள்கிறது. 'டஸ் ஹீ கோஸ்' என்று எழுதுபவனை மடையன் என்பது தவறு, அவன் தாராளக்காரன்.

நேரசூசிக்கு யாழ்தேவியை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 1956இல் ஓடத் தொடங்கிய அந்த றெயில் போரால் 1990இல் யாழ்ப்பாணம் வராமல் நின்றது. 2014 ஒக்ரோபரில்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் 'யாழ்தேவி லீவ்ஸ் ஜவ்னா' என்ற வசனத்தில் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, எஸ்ஸும் இருந்தது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும்தான் பங்கருக்குள் போயிருந்தன. இதை விதிவிலக்கு என்று எந்த ஆங்கில இலக்கண நூலும் குறிக்கவில்லை. றெயிலைக் கண்ணால் காணாத பிள்ளைகள் அதற்குரிய காலத்தைப் பாடமாக்கினார்கள். எஸ் போட்டவர்களுக்குப் புள்ளியும் கிடைத்தது.