இரணைமடுச் சிறுபோக நீர்முறையும் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் கொம்போனன்ட் பழுதுபார்த்தலும்: ஓர் ஒப்பியல் ஆய்வு

பிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் நிறுத்திக்கொண்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த பிளேயரில் எந்தக் கோப்பும் ஓடாதபடி மறித்தும் விட்டது. அதில் ஓடிய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற கணனி மொழியை இப்படி அடக்கம் செய்த பிறகு ஆராய்வதில் ஆய்வாளருக்குப் பெரிய வசதி உண்டு. முடிவுரையை வாசித்தவர் எழும்பி நின்று, "நீங்கள் சொன்னபடி செய்தேன், ஓடவில்லை" என்று சொல்ல வழியில்லை. இவ்வசதியைப் பயன்படுத்தி இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா ஒன்றுதான். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் சொந்தமாக ஒரு கொம்போனன்ட், அதாவது திரைக்கூறு, எழுதியவர், அது திரையில் தோன்றாமல் ஒளிக்கும்போதும், தோன்றிய பின் நின்று நடுங்கும்போதும், படம் வரையும் வரிகளையே ஏன் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறார்? அவ்வரிகளில் பெரும்பாலும் குற்றமில்லை. குற்றம் முறை தவறியதில் இருக்கிறது என்பது நமது துணிபு. முறை என்றால் என்னவென்று அடோபியின் கைந்நூலிலும் தெளிவாக, கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யும் கமக்காரர் சொல்லித்தருவார் என்பதை இங்கு நிறுவுவோம்.

முதலில் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920 அளவில் முடிந்தது. பிறகு பல தடவை அணைக்கட்டை உயர்த்தி, இன்று 36 அடிவரை நீர் கொள்ளும் குளமாக நிற்கிறது. மாரி மழை கைகொடுக்கும் காலபோகத்தில் குளத்தின் இலக்கணம் அவ்வளவாக வெளியே தெரியாது. சிறுபோகம் வந்ததும் தெரியும். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று அளந்துகொண்டு, அரசாங்க அதிபர் தலைமையில் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரர் அமைப்புகளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கூடுவார்கள். உருத்திரபுரத்தாரும் முரசுமோட்டையாரும் தமக்கு வேண்டிய ஏக்கரைச் சொல்வார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், நிற்கிற தண்ணீருக்குக் கட்டுப்படியாகும் ஏக்கரைச் சொல்வார்கள். இவ்விரண்டு எண்களும் ஒன்றாக இருக்கும் ஆண்டை அதிசயம் என்றே கொள்ள வேண்டும். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, மாடு கட்டும் திகதி எல்லாம் தீர்மானமான பிறகே துருசு திறபடும். வேண்டுகோள் வயலிலிருந்து மேலே போகும். ஒதுக்கீடும் தண்ணீரும் மேலிருந்து கீழே வரும். இடையில் எவரும் தன்பாட்டில் மடை திறக்கக் கூடாது.

இனிக் கணனி. மக்ரோமீடியா 2004இல் வெளியிட்ட பிளெக்ஸ் என்னும் கொம்போனன்ட் கட்டமைப்பு, நிறுவனம் அடோபியின் கைக்கு மாறியபின், 2006இல் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 உடன் இரண்டாம் பதிப்பாக வந்தது. அதில் யூஐகொம்போனன்ட் என்ற வகுப்பிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு கொம்போனன்ட்டுக்கும் மூன்று கட்டங்கள் விதிக்கப்பட்டிருந்தன. மாறிய விவரங்களைப் பதிவுசெய்யும் கமிட் புரொப்பர்ட்டீஸ் முதலாவது. தனக்கு எவ்வளவு அகலமும் உயரமும் வேண்டுமென்று சொல்லும் மெஷர் இரண்டாவது. இது உள்ளே கிடக்கும் குட்டிக் கொம்போனன்ட்டுகளில் தொடங்கித் தாயை நோக்கி மேலே போகும். கிடைத்த இடத்துக்குள் அடங்கி வரையும் அப்டேட் டிஸ்பிளே லிஸ்ட் மூன்றாவது. இது தாயிலிருந்து கீழே வரும். ஒரு மதிப்பு மாறியவுடன் எதையும் வரையக் கூடாது. "இன்வாலிடேட்" என்று ஒரு கொடியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். லேஅவுட் மனேஜர் கூட்டத்தைக் கூட்டும்போது எல்லோருடைய மாற்றமும் ஒரேயடியாக எடுக்கப்படும். இரணைமடுவை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இதை வைத்து, ஆக்‌ஷன்ஸ்கிரிப்டைக் கண்டுபிடித்ததே வன்னியார்தான் என்று எழுதும் ஆசை எழுகிறது. அவ்வகை ஆய்வுக்கு நம்மிடையே ஆட்பஞ்சம் இல்லாதபடியால் இங்கு அதை அடக்கிக்கொள்கிறோம்.

பழுதுகளை வரிசையாகப் பார்த்தால் சான்று தானே சேரும். கொம்போனன்ட் எழுதியவர் அனைவரும் கண்ட 1009ஆம் இலக்கப் பிழை, இல்லாத பொருளின் குணத்தைக் கேட்டதால் வருவது. லேபலின் எழுத்தை மாற்றும் செட்டருக்குள், எழுத்துப் பெட்டியை நேரடியாகத் தொட்டு எழுதியிருப்பார். திரை அமைப்பை எழுதும் எம்எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிய மதிப்புகளோ, கிரியேட் சில்ட்ரன் ஓடிக் குட்டிகள் பிறப்பதற்கு முன்பே செட்டருக்கு வந்துசேரும். வாய்க்கால் வெட்ட முதலே மடை திறந்த கதை இது. மதிப்பை ஒரு மாறியில் வைத்து, கொடியைப் போட்டு, கமிட் புரொப்பர்ட்டீஸ் வரும்வரை பேசாமல் இருந்தால் பிழை போய்விடும். இன்னொருவர் மெஷரை எழுதவே இல்லை. அழகாக வரைந்திருக்கிறார், ஆனால் தேவை பூச்சியம் என்று பதிவானதால் தாய் அவருக்குப் பூச்சியத்துக்குப் பூச்சியம் இடம் கொடுத்தது. கூட்டத்தில் ஏக்கர் சொல்லாதவர் வைகாசியில் வாய்க்கால் கரையில் நின்று பொறியியலாளரை ஏசுவதில் பயனில்லை.

இவற்றைவிட ஆழமான பழுது ஒன்று உண்டு. பலருடைய இரவுகளைத் தின்றது அதுதான். மெஷர் ஓடுகிறதா என்று பார்க்க அதற்குள், செய்தி அச்சிடும் டிரேஸ் வரி போட்டிருப்பார். ஒரு சொல்கூட வெளியே வராது. அகலம், உயரம் இரண்டையும் வெளியிலிருந்தே எண்ணாகக் கொடுத்துவிட்டால் பிளெக்ஸ் மெஷரை அழைப்பதே இல்லை. அளவு ஏற்கெனவே தீர்மானமானவரிடம் எவ்வளவு வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை. இதையே மறுபக்கமாகப் புரட்டினால் நடுக்கத்தின் காரணமும் பிடிபடும். அப்டேட் டிஸ்பிளே லிஸ்டுக்குள் நின்று குட்டியின் அகலத்தை நேரே மாற்றுகிறவர், அதைக் குட்டியின் சொந்த வேண்டுகோளாகப் பதிவுசெய்துவிடுகிறார். உடனே கொடி மேலே போகிறது, அளத்தல் மறுபடி தொடங்குகிறது, வரைதல் மறுபடி வருகிறது, அங்கே அகலம் மறுபடி மாறுகிறது. செட் அக்சுவல் சைஸ் என்ற மெதட் இருப்பதே இதற்காக: மேலிருந்து வரும் ஒதுக்கீட்டை வேண்டுகோளாக்காமல் கொடுப்பதற்கு. இராத்திரி வரம்பை வெட்டித் தண்ணீர் எடுத்தவரால் விடிந்ததும் முழு வாய்க்காலுக்கும் முறை மாறிப்போவதை இந்நடுக்கத்தோடு ஒப்பிட்டுக் கற்பிக்கலாம்.

மறுப்புகளுக்கு வருவோம். செத்த மொழிக்கு ஏன் இவ்வளவு மெனக்கேடு என்பார்கள். முறை சாகவில்லை என்பதே விடை. இன்றைய உலாவி நூலகங்கள் பலவும் மாற்றங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகவே திரையில் போடுகின்றன. ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட்கூட ஏர் என்ற வடிவில் ஹார்மன் நிறுவனத்தின் பராமரிப்பில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. கொம்போனன்ட்டுக்குப் பிரதேச அரசியல் இல்லையே என்பது இரண்டாவது மறுப்பு. யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள். கமக்காரர் எதிர்த்தார்கள், பேச்சு இழுபட்டது, யாழ்ப்பாணத்தாருக்குத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்தது. பிளெக்ஸிலும் இதற்கு ஒப்பானது உண்டு: இன்க்ளூட் இன் லேஅவுட் என்ற குணத்தைப் பொய் என்று வைத்தால், குட்டி குடும்பத்தில்தான் இருக்கும். தாய் இடம் பங்கிடும்போது மாத்திரம் அதைக் கணக்கில் எடுக்காது.

மூன்றாவது மறுப்பு மெய்யாகவே கனமானது. திரையில் வரைதல் ஒரு பிரேம் பிந்தினால் ஒருவருக்கும் நட்டமில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி மூழ்கியபோது, வான்கதவுகள் திறந்த நேரம் சரியா என்று எழுந்த வாதம் அப்படிப்பட்டதல்ல. கொடியைப் போட்டுவிட்டுக் காத்திரு என்னும் விதி சிறுபோகத்து விதி. வான் பாயும் காலத்துக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. இவ்வரம்பை நாம் ஒப்புக்கொள்கிறோம். பிளெக்ஸும் ஒப்புக்கொண்டிருக்கிறது: காத்திராமல் உடனே எல்லாவற்றையும் நடத்திமுடிக்க வலிடேட் நவ் என்ற மெதட் வைத்திருக்கிறது. அதை அடிக்கடி அழைப்பவரின் நிரல் மந்தமாகும்.

எஞ்சியிருப்பது நினைவக ஒழுக்கு. மேடையில், அதாவது ஸ்டேஜில், செவிகொடுக்கப் பதிந்த கொம்போனன்ட்டைத் திரையிலிருந்து அகற்றினாலும், ரிமூவ் ஈவென்ட் லிசனர் சொல்லாதவரை அது நினைவகத்தை விட்டுப் போகாது; மேடையில் எது நடந்தாலும் பதில் கொடுத்துக்கொண்டே இருக்கும். காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வவுனியாவில் குடியிருப்பவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து கையுயர்த்துவது இவ்வகையிற் சேரும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் அட் ஈவென்ட் லிசனரின் ஐந்தாவது அளபுருவை மெய் என்று வைத்தால், வேறு பிடிமானம் அற்ற செவிகளைக் குப்பை சேகரிப்பான் ஒருநாள் தானாக அள்ளிக்கொண்டு போகும். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அப்படியோர் அளபுருவை யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது என்பது தனி ஆய்வுக்குரியது.