ஆகாய விழா சபையாருக்குத் தாராவியிலிருந்து ஒரு விக்ஞாபனம்

மகா கனம் பொருந்திய ஆகாய விழா நிர்வாக சபையாரின் சமூகத்திற்கு, தாராவி தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் இட்லி வியாபாரம் செய்து ஜீவிக்கும் அடியேன், என் சகதர்மிணியின் சம்மதத்தோடும், மணி, ராஜா என்னும் எங்கள் நாய்கள் இரண்டின் மௌன அனுமதியோடும் சமர்ப்பிக்கும் விக்ஞாபனம்.

2024 ஜனவரி 12 முதல் 14 வரை மரீன் டிரைவ் கடலின்மேல் நம் விமானப்படை நண்பகலில் நிகழ்த்திய சாகசக் காட்சியை, அதன் கடைசி நாளான போகி ஞாயிறன்று குடும்ப சமேதராய்க் கண்டு களித்தோம். ஆகாயத்தில் நடந்தவற்றைப் பற்றி எங்களுக்கு லவலேசமும் குறையில்லை. 1996இல் பீதரில் தோன்றிய சூரியகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள், சிறகுக்கும் சிறகுக்கும் ஐந்து மீட்டர்கூட இடைவெளி விடாமல் பறந்ததைக் கண்டு ஊரார் வாய் பிளந்து நின்றார்கள்; எங்கள் சந்திலோ ஐந்து மீட்டர் என்பது ராஜவீதிக்குரிய அகலமாகையால், நாங்கள் சற்றுக் குறைவாகவே வியந்தோம். கோவையை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்ட சாரங்க் ஹெலிகாப்டர்கள் வந்தபோது மட்டும், நம் பக்கத்துப் பிள்ளைகள் என்ற பாத்தியதையோடு என் மனைவி உரக்கக் கைதட்டினாள்.

குறையெல்லாம் தரையில்தான்.

மகாராஷ்டிர அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை வகுத்ததைச் சபையார் அறிவீர்கள். படுக்கையும் அடுப்பும் கழிவறையும் ஒரே வண்டிக்குள் அமைந்திருப்பது கேரவனின் லட்சணமாம். இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே மிஞ்சிய நிலத்தில் பல லட்சம் பேர் வாசம் செய்யும் எங்கள் பேட்டையில், பத்துக்குப் பத்து அறையில் முதலிரண்டும் வாய்க்கப்பெற்று, மூன்றாவதற்குத் தெருமுனைக் கழிப்பிடத்தில் வாளியோடு வரிசை நிற்கும் நாங்கள், சக்கரம் ஒன்று நீங்கலாக, பிறந்தது முதல் கேரவன்வாசிகளே. அந்தச் சக்கரத்தையும் என் மைத்துனனின் சோட்டா ஹாத்தி டெம்போ அன்று அருளிற்று. தார்ப்பாய் கட்டி, கோரைப்பாய் விரித்து, இட்லிக் கொப்பரையும் சாம்பார்த் தூக்கும் ஏற்றி, நாய்களை நடுவில் கிடத்தி, நாங்கள் இருவரும் முன்னிருக்கையில் அமர்ந்து, சயான், மாட்டுங்கா, தாதர் வழியே தெற்கு நோக்கிப் பிரயாணமானோம்.

வழியில் சீருடை தரித்த ஒருவர் வண்டியை மறித்து, "மால் ஹை யா சவாரி?" (சரக்கா, ஆட்களா?) என்று வினவினார். பின்னால் இருப்பது சரக்கென்றால் அந்நேரத்தில் அச்சாலையில் புகலாகாதாம். சவாரியென்றால் சரக்கு வண்டியில் ஏற்றியதே குற்றமாம். இருதலைக் கொள்ளி எறும்பாய் நான் தவிக்கையில், ராஜா தார்ப்பாயை விலக்கித் தலை நீட்டியதும், நாய் எதில் சேர்த்தி என்ற பிரச்சினை எழுந்தது. ரயில்வே சாஸ்திரப்படி, எடை போட்டு லக்கேஜ் கட்டணம் வாங்கிக் கார்டு பெட்டியின் கூண்டில் அடைக்கப்படும் நாய் சரக்கு. அதே நாய், எஜமானன் முதல் வகுப்பு ஏஸி அறை முழுவதையும் பதிவு செய்துவிட்டால், அவன் பக்கத்திலேயே பிரயாணம் செய்யும் கனவான். நாய்க்கும் ஜாதியை நிர்ணயிப்பது பணப்பைதான் போலும். 1832இல் தெருநாய்களைக் கொல்லப் புகுந்த ஆங்கிலேய அதிகாரத்தை எதிர்த்துப் பார்சிகள் கலகம் செய்த நகரமல்லவா இது! இங்கேயே இதற்கொரு தீர்ப்பில்லாதது விசித்திரந்தான். அன்று நான்கு இட்லிக்குப் பிறகு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

சுகோய் விமானம் தாழப் பறந்து முழங்கியபோது, ராஜா வாலை அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு, காலியான கொப்பரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. மணியோ, விமானம் போன திசை நோக்கிக் குரைத்துவிட்டு, அது ஓடி மறைந்ததைத் தன் விஜயமாகவே பாவித்தது. அந்த வெயிலிலும் என் மனைவி ஒரு மிடறு தண்ணீர் அருந்தவில்லை. காரணம் கேட்டேன்.

"ஏங்க, மேல பறக்குதவனுக்கு எடத்த அளந்து குடுத்திருக்காவ. கீழ நிக்குதவ ஒதுங்க ஒரு எடம் உண்டா? தண்ணியக் குடிச்சிட்டு நான் எங்க போவேன்?"

இவ்வளவையும் வேடிக்கையென்றே மறந்திருப்போம். அதே 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் தேதி, விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டிச் சென்னை மெரினாவில் ஏறத்தாழ 15 லட்சம் ஜனங்கள் திரண்ட காட்சியில், வெயிலின் கொடுமையால் ஐவர் உயிரிழந்த செய்தி எங்களை மறக்கவிடவில்லை. குடையும் தண்ணீரும் கொண்டுவரும்படி முன்னமே சொல்லியிருந்ததாகப் பிற்பாடு விளக்கம் வந்தது. விமானிக்கு மட்டும் பெட்ரோலை வீட்டிலிருந்து கொண்டுவா என்று எவரும் சொல்வதில்லை.

ஆதலால், சிறகிடைவெளியை அங்குலம் பிசகாமல் கணக்கிடும் அந்த மகானுபாவரை, அடுத்த ஆகாய விழாவுக்கு முன் ஒரே ஒரு தினம் தரைக்கு இரவல் தந்து, தண்ணீர்க் குழாய் எங்கே, ஸ்திரீகளுக்கான கழிப்பிடம் எங்கே, கூட்டம் கலையும் பாதை எங்கே என்று சுண்ணாம்புக் கோடு போடச் செய்யுமாறும், மணியும் ராஜாவும் மாலா சவாரியா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பிரார்த்திக்கிறோம்.

பதிலைத் தபாலில் அனுப்பலாம். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பறந்துவந்து ஜுஹுவில் இறக்கிய தபாலை, நெவில் வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்கே கொண்டு சேர்த்தாரென்றால், ஜுஹுவுக்கு அண்டையிலுள்ள தாராவிக்குச் சபையாரின் கடிதம் வந்து சேராமலா போகும்? சந்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இட்லிக்காரர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள
தரைவாசி