சக்கரவர்த்தியை எங்கே ஒட்டுவது?

எங்கள் குடியிருப்பில் மாதம் ஒரு ஞாயிறு, பிள்ளைகளுக்கு யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும். என் முறை வந்தபோது ஃபிராங்க் ஹெர்பெர்ட் 1965இல் வெளியிட்ட 'டியூன்' நாவலை எடுத்தேன். "அந்தச் சாம்ராஜ்யத்தில் அதிகாரம் யார் கையில்?" என்று தலைப்பும் கொடுத்தாயிற்று. விடை தெரிந்த கேள்விதானே என்ற தெம்பு.

சார்ட் பேப்பரில் பிரமிடு போட்டு, உச்சியில் சக்கரவர்த்தி நான்காம் ஷதாமைச் சிவப்பு ஸ்கெட்சில் எழுதினேன். கிரீடமும் வரைந்தேன், இட்லிக் குண்டான் மாதிரி வந்தது. அடுத்த வரியில் லான்ட்ஸ்ராட், பிரபுக் குடும்பங்களின் சபை. நூறு பக்கம் தாண்டும்வரை அதை ஏதோ ஒரு ஆளின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அருஞ்சொற்பட்டியல் கடைசியில் இருக்கிறது. அதையெல்லாம் யார் படிப்பார்கள்?

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"அங்கிள், ராஜாவோட படை எதுல போகும்?"

"கப்பல்ல."

"யார் கப்பல்?"

கில்ட் என்ற கப்பல்காரர் சங்கத்தின் கப்பல். கிரகம் விட்டுக் கிரகம் போக வேறு நாதியில்லை. அட்ரெய்டிஸ் என்ற பிரபுக் குடும்பத்தைக் கவிழ்க்கச் சக்கரவர்த்தி அனுப்பிய வீரர்களே அவர்களின் எதிரியான ஹார்கொன்னென் குடும்பத்தின் சீருடையில் ஒளிந்துதான் போகிறார்கள். விஷயம் தெரிந்தால் சபை முழுதும் திரண்டுவிடும் என்ற பயம். அந்தப் படையெடுப்புக்குக் கப்பல் கூலி அழுதே ஹார்கொன்னென் பாரனுக்குக் கை கடிக்கிறது. இத்தனையும் படித்தவன்தான் நான். படித்துவிட்டுத்தான் கிரீடம் வரைந்தேன்.

ஸ்கெட்ச் அழியாது. வெள்ளைத் தாள் ஒட்டி, உச்சியில் கில்ட் என்று எழுதினேன்.

"அப்ப கில்டே ஏன் ராஜாவாகல?"

கில்டின் மாலுமிகளுக்கு ஸ்பைஸ் என்ற போதைப்பொருளைச் சாப்பிட்டால்தான் வழி தெரியும். அது அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தில் மட்டுமே கிடைக்கும். அங்கே யாரும் மனிதராக மதிக்காத ஃப்ரெமன் என்ற பாலைவன மக்கள், தலைக்கு மேல் வேவுச் செயற்கைக்கோள் சுற்றாமலிருக்க அதே ஸ்பைஸைக் கில்டுக்கு லஞ்சமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். சக்கரவர்த்திக்கு இது தெரியவே தெரியாது. சாம்ராஜ்யத்தின் வரவுசெலவெல்லாம் சோம் என்ற கம்பெனி வழியாக; அதில் கில்டும் பெனி ஜெஸரிட் என்ற பெண்கள் அமைப்பும் ஸ்லீப்பிங் பார்ட்னர்கள். இதுவும் அந்தக் கடைசிப் பட்டியலில்தான் இருக்கிறது.

நாற்காலியைக் கண்டால் கும்பிடுவது என் பிறவிக் குணம். ஒரு சான்றிதழுக்காக மூன்று நாள் அதிகாரியின் அறை வாசலில் நின்றிருக்கிறேன். சீல் இருந்த டிராயரின் சாவி, தினமும் நான் "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த உதவியாளரின் இடுப்பில் இருந்தது.

கடைசியில், ஸ்பைஸையே அழித்துவிடுவேன் என்று மிரட்டும் அட்ரெய்டிஸ் வாரிசு பாலின் பெயரை எழுதி இன்னொரு தாளை ஒட்டினேன். சார்ட் வீங்கிவிட்டது. நிம்மதியாகப் பேனாவை மூடும்போது, முதல் வரிசைப் பொடியன் கேட்டான்: "ஸ்பைஸை யார் செய்யறா?"

மணல்புழு. நானூறு மீட்டர் நீளம்கூட வளரும். பிரமிடில் இடமில்லை.

அந்தச் சார்ட் இப்போது எங்கள் சமையலறை அலமாரித் தட்டில், சக்கரவர்த்தி குப்புறக் கிடக்க, விரித்திருக்கிறது. அதன்மேல் மிளகாய்த்தூள் டப்பா.