கதவு நம்பர் என்ன, மகனே?

(டெக்சாஸின் தென்கோடி, மிஷன் ஊர். ஆகஸ்ட் 2017. எல்லைச் சுவர் வேண்டாம் என்று ஊர்ச் சனம் லா லோமிதா சிற்றாலயத்துக்கு ஊர்வலம் போகிறது. வெள்ளத்தடுப்புக் கரைமேல் நின்று வேடிக்கை பார்க்கிறார் சுவரன்பர். அட்டை ஏந்தி வந்த ஆற்றங்கரைப் பாட்டி, மூச்சு வாங்கிக்கொள்ள அவர் பக்கத்தில் நிற்கிறாள்.)

சுவரன்பர்: ஏம்மா, இந்த வெயில்ல ஊர்வலம் தேவையா? நாட்டுக்குக் காவலா சுவர் கட்டினா உங்களுக்கு என்ன நஷ்டம்?

பாட்டி: சுவர் எங்க வருதுன்னு சொல்லு மகனே. அங்க போயி நின்னு கைதட்டுறேன்.

சுவரன்பர்: எல்லையிலதான். வேற எங்க?

பாட்டி: எல்லைதான் ஆறாச்சே. ரியோ கிராண்டே தண்ணிக்குள்ளயா அஸ்திவாரம் தோண்டுவாங்க?

சுவரன்பர்: அது முடியாதும்மா. வெள்ளம் வந்தா ஆறே இடம் மாறும். தண்ணி ஓட்டத்தை மறிக்கக் கூடாதுன்னு மெக்சிகோவோட 1970ல ஒப்பந்தம் வேற போட்டிருக்கு. அதனால கொஞ்சம் தள்ளி, நாம நிக்கிற இந்தக் கரையில கட்டுவாங்க.

பாட்டி: அப்ப கரைக்கும் ஆத்துக்கும் நடுவுல இருக்கிற என் வயலு, அந்தக் கோயிலு, சாந்தா ஆனா சரணாலயம்... இதெல்லாம் எந்த நாடு?

சுவரன்பர்: சந்தேகமே வேண்டாம். நம்ம நாடு!

பாட்டி: நம்ம நாட்டைக் காப்பாத்த, நம்ம நாட்டுலயே ஒரு துண்டை வெளிய தள்ளிச் சுவர் வைக்கிறீங்க. நல்லாருக்கு.

சுவரன்பர்: வெளிய யாரு தள்ளினா? கதவு வைப்பாங்கம்மா! பிரவுன்ஸ்வில் பக்கம் ஏற்கெனவே வெச்சிருக்காங்க. நிலத்துக்காரருக்கு ஒரு ரகசிய நம்பர். தட்டினா கதவு திறந்துக்கும்.

பாட்டி: நம்பர் என்ன?

சுவரன்பர்: ரகசியம்னு சொன்னேனே!

பாட்டி: ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு நெஞ்சு வலிச்சா ஆம்புலன்ஸ்காரனுக்கு நம்பர் தெரியணும். அறுவடைக்கு வர்ற ஆளுக்குத் தெரியணும். தீயணைப்பு வண்டிக்கு, தபால்காரனுக்கு, கிறிஸ்துமஸுக்கு வர்ற என் பதினோரு பேரப்பிள்ளைங்களுக்கும் தெரியணும். கடைசிப் பேரன் வாயில எதுவுமே நிக்காது.

சுவரன்பர்: கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்.

பாட்டி: கோயில்ல கல்யாணம் வெச்சா பத்திரிகையிலயே நம்பரை அச்சடிச்சிடலாமா? 1899ல கட்டின கோயிலுப்பா அது. குதிரையேறி ஊர் ஊராப் போன சாமியாருங்க தங்கின இடம். இந்த ஊருக்குப் பேர் வந்ததே அதாலதான். செத்தவங்களுக்காகச் செபிக்கப் போறவ, கதவுகிட்ட நின்னு கணக்குப் பாடம் ஒப்பிக்கணுமா?

சுவரன்பர்: சரி, மனுஷங்களை விடுங்க...

பாட்டி: விட்டேன். புள்ளிப் பூனைக்கு வருவோம். ஓசலட்டுன்னு சொல்றாங்களே, இந்த நாட்டுல மிஞ்சினது நூறுகூட இல்ல. துணை தேடி அலையிற அதுக்கு யார் போயி நம்பர் சொல்றது? வெள்ளம் வந்தா ஆமையும் பாம்பும் இந்தக் கரைச் சரிவுல ஏறித்தான் உசுர் பிழைக்கும். சரிவை வெட்டி நட்டமா கான்கிரீட் போட்டா ஆமை என்ன பண்ணும், கீபேடைத் தேடுமா?

சுவரன்பர்: ஆமைக்காக நாட்டைத் திறந்து போட முடியுமா? கடத்தல்காரன் வர்றானே!

பாட்டி: அவன் ஒருத்தனுக்குத்தான் நம்பரே வேண்டாம் மகனே. ஏணி வெச்சிருக்கான், ரம்பம் வெச்சிருக்கான். பெரிய சரக்குன்னா லாரியில ஒளிச்சு, பாலத்து வழியா சோதனைச் சாவடியிலயே வரிசையில வர்றான். அனுமதி இல்லாமத் தங்கிட்டவங்கள்ல ஏகப்பட்ட பேரு விசாவோட ஏரோப்ளேன்ல வந்து இறங்கினவங்க. அவங்ககிட்டயும் நம்பர் இருந்துச்சு. சீட்டு நம்பர்!

சுவரன்பர்: எப்படியோ, சட்டம்னா சட்டம். அதை மதிக்கத்தான் சுவர்.

(பாட்டி அட்டையைக் கீழே வைக்கிறாள்.)

பாட்டி: சட்டமா? 2005ல ஒரு சட்டம் போட்டாங்க. சுவருக்குக் குறுக்க எந்தச் சட்டம் வந்தாலும் தூக்கி ஓரமா வைக்கலாம்னு. 2008ல முப்பதுக்கு மேல சட்டங்களைத் தூக்கி வெச்சாங்க. நல்ல தண்ணிக்கு இருந்த சட்டம், அழியிற உயிருக்கு இருந்த சட்டம், பூர்வகுடிக் கல்லறைக்கு இருந்த சட்டம், எல்லாம் போச்சு. நான் வாய்க்கால்ல ஒரு வாளி மண்ணு கொட்டினா அபராதம். அவங்க ஆத்தங்கரையையே பேத்தா தேசபக்தி! எங்க முன்னோருக்கு ஸ்பெயின் ராசா காலத்துல, 1767ல, ஆத்தைத் தொட்டு நீள நீளமா நிலம் பிரிச்சுக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வீடு தண்ணி கிடைக்கட்டும்னு அப்படி அளந்தாங்க. அப்ப அமெரிக்கான்னு ஒரு நாடே இல்ல. இன்னைக்கு வந்து, உன் தண்ணிக்குப் போக நம்பர் தட்டுங்கிறான். என் நிலத்தை எடுக்கக் கோர்ட்டுக் காகிதம் வீட்டுக்கு வரும். அதுலயும் ஒரு நம்பர் இருக்கும், வழக்கு நம்பர். அதை மட்டும் யாரும் ரகசியமா வெக்க மாட்டாங்க!

சுவரன்பர் (சற்று நேரம் கழித்து): ...கதவு பழுதாயி திறக்கலேன்னா?

பாட்டி: அதைத்தான் நானும் கேக்க வந்தேன். உனக்கும் நிலம் கரைக்குத் தெக்கயா?

சுவரன்பர்: எனக்கு இல்ல. மச்சானுக்கு.

பாட்டி: அட்டை இன்னொண்ணு இருக்கு. பிடி.

(சரணாலயத்துக்கு 2018இலும் சிற்றாலயத்துக்கு 2019இலும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களிலேயே விலக்கு கிடைத்தது. ஊர் கூடி நடந்ததற்கும் அதில் பங்குண்டு. கரைக்குத் தெற்கே வயல் வைத்திருந்த பாட்டிமாருக்கு மட்டும் அந்தச் சட்டங்களில் விலக்கு எதுவும் இல்லை.)