தூங்கிட்டீங்களா சார்?

செவிலியர் கல்வியில் ‘எஸ்பார்’ எனப்படும் முறை, நோயாளியின் நிலை திடீரென்று மோசமாகும்போது மருத்துவரிடம் அதைச் சொல்வதற்கான நான்கு படிகளைக் குறிக்கும்: இப்போது என்ன நடக்கிறது என்னும் நிலைமை, நோயாளி எதற்காகச் சேர்க்கப்பட்டார் என்னும் பின்னணி, கோளாறு எதுவாக இருக்கலாம் என்னும் மதிப்பீடு, இனி என்ன செய்யவேண்டும் என்னும் பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய இம்முறையை, 2000-களின் தொடக்கத்தில் கொலராடோவிலிருந்த கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பினர் மருத்துவமனைக்கு ஏற்றதாக மாற்றினர். நீர்மூழ்கியில் மேலதிகாரியின் தூக்கத்தைக் கலைக்க எவரும் அஞ்சுவதில்லை போலும். தமிழ்நாட்டு வார்டுகளில் அஞ்சுவார்கள்.

பயிற்சி வகுப்பில் ஆசிரியை மருத்துவராக நடிக்க, இரத்த அழுத்தம் 80/50-க்கும் ஆக்சிஜன் அளவு 84-க்கும் இறங்கிவிட்ட நோயாளியைப் பற்றி மாணவி தொலைபேசியில் தெரிவிக்கவேண்டும். வழக்கமாகக் கிடைக்கும் விடை இது: “சார், தூங்கிட்டீங்களா சார்? டிஸ்டர்ப் பண்றதுக்கு சாரி சார். பதினாலாம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காரு சார்.” இதில் ‘சார்’ நான்கு முறை வருகிறது, எண் என்று வருவது கட்டிலின் எண் மட்டுமே. ‘டல்’ என்பதோ, வார்டு வழக்கில், காலை இட்லியைத் தள்ளிவைத்தவர் முதல் நாடி தேடினாலும் கிடைக்காதவர் வரை அனைவரையும் அணைத்துக்கொள்ளும் பரந்த மனமுடைய கலைச்சொல்.

இது மொழியறிவின் குறை என்று கருதி ஆங்கிலப் பயிற்சி வகுப்பைக் கூட்டுவோர் உண்டு. ஆனால் அதே மாணவி விடுதிக்குத் திரும்பியதும், சாம்பாரில் புழு கிடந்தது, போன வாரமும் கிடந்தது, கீரையை யாரும் கழுவுவதில்லை, ஆகவே நாளை ஒருவரும் மெஸ்ஸுக்குப் போகக் கூடாது என்று தோழியரிடம் நான்கு படிகளையும் பிசகாமல் ஏறிவிடுவதைக் காணும்போது, திறமை இருக்கிறது, அது மேல்நோக்கி மட்டும் பாய மறுக்கிறது என்பது விளங்கும். நான்காம் படியில்தான் கால் அதிகம் நடுங்குகிறது: “நீங்கள் உடனே வரவேண்டும்” என்பது, “முடிஞ்சா வர்றீங்களா சார், இல்லன்னா காலையில கூட” என்று வெளிப்படுகிறது.

செய்தியின் சாரத்தை முதலிலேயே சொல்வதற்கு அனுமனைப் பின்பற்றுமாறு ஆசிரியர்கள் அறிவுறுத்துவது வழக்கம். அவன் கொண்டுவந்தது நல்ல செய்தி என்பதை இவர்கள் கவனிப்பதில்லை. சீதையைக் காணாமல் திரும்பியிருந்தால், அவனும் கடலின் அகலத்திலிருந்துதான் தொடங்கியிருப்பான்.

மருத்துவர் சொல்லும் மருந்தளவைத் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துவதும் இப்பயிற்சியில் அடங்கும். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதால், ‘ஒன்று, ஐந்து’ எனப் பிரித்துச் சொல்லப் பழக்குகிறார்கள். ஆனால் பெரும்பாலான ஒத்திகைகள் அதுவரை போவதில்லை. “இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?” என்று ஆசிரியை உறுமியதும், “சாரி சார், வெச்சிடறேன் சார்” என்று மாணவி தொடர்பைத் துண்டித்துவிடுகிறார், அன்றைய உரையாடலில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லப்பட்ட வாக்கியம் அது ஒன்றே. ஆசிரியையின் உறுமலுக்கான வசனம் மட்டும் எந்தப் பாடநூலிலும் இல்லை. இருபது ஆண்டு இரவுப் பணியில் கேட்டுக்கேட்டு அவருக்கு அது மனப்பாடம்.